யாரிடம் அனுமதி கேட்கிறாய்? எழுது!

இணையத்தில் மயிலாடும்பாறை என்று தட்டிப் பார். முதலில் கண்ணில் படுவது கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை. அங்கே தோண்டி எடுத்த இரும்புக்கு 4,200 ஆண்டு வயது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே முதல்வர் அறிவித்தார். தமிழர் எல்லோருக்கும் பெருமைதான். அந்த ஊருக்கு மண்ணுக்கடியிலிருந்து சாட்சி கிடைத்துவிட்டது. நம் மயிலாடும்பாறை தேனி மாவட்டத்தில், வருசநாட்டு மலைகளுக்கு நடுவே, மூல வைகைக் கரையில் கிடக்கிறது. இந்த ஊர் எதற்குச் சிரித்தது, எதற்கு அழுதது, யாரை மன்னித்தது, யாரை மன்னிக்கவே இல்லை என்பதற்கு நாளைக்கு யார் சாட்சி? இதெல்லாம் குழி வெட்டினால் கிடைக்கிற பொருளில்லை. பேசியவர்கள் போனால் பேச்சும் போய்விடும். எழுதி வைத்தால்தான் உண்டு. எழுத வேண்டியவன் நீ. எழுத வேண்டியவள் நீ.

"நமக்கெல்லாம் நாவல் எழுத வருமா?"

இந்த ஒரு கேள்வி நம் பள்ளத்தாக்கில் எத்தனை நாவல்களை முளையிலேயே கிள்ளிப் போட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பங்காளிச் சண்டையை மூன்று தலைமுறைக்குப் பின்னால் போய்த் தொடங்கி, யார் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து யாரைப் பார்த்து முறைத்தார் என்பது வரைக்கும் சொல்லி, கேட்கிறவனை டீ ஆறுவது தெரியாமல் உட்கார வைக்கிற ஆள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அவர் கையில் பேனாவைக் கொடுத்தால் "நான் படிக்காதவன்ப்பா" என்கிறார். படித்த பிள்ளையிடம் கொடுத்தால் "அதுக்கெல்லாம் மெட்ராஸ்ல இருக்கணும் சார்" என்கிறது. படிக்காதவருக்குப் படிப்பு தடை, படித்தவருக்கு ஊர் தடை! இரண்டும் பொய். இரண்டையும் பொய்யென்று காட்டியவர்கள் தூரத்தில் இல்லை, ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறார்கள்.

தேனி அல்லிநகரத்தில் ம. காமுத்துரை வாடகைப் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே எழுதினார். பஞ்சாலைத் தொழிலாளர்களின் வாழ்க்கையை 'மில்' என்று நாவலாக்கினார். கல்யாண வீட்டில் எல்லோரும் வயிறார உண்டு எழுந்து போன பிறகும் அடுப்படியில் வெந்துகொண்டிருக்கிற சமையல்காரர்களை 'குதிப்பி'யில் கொண்டுவந்து நிறுத்தினார். பாத்திரம் வாடகைக்கு எடுக்க வந்தவர்கள் நம் எல்லோருடைய வீட்டிலும் உண்டு. அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் இருந்த மனிதனைப் பார்த்தது யார்? தேனி சீருடையானைப் படித்திருக்கிறாயா? சின்ன வயதில் கண்பார்வையை இழந்து, பார்வையற்றோர் பள்ளியில் படித்து, பிறகு பார்வையை மீட்டவர். அந்த இருட்டையும் அந்த வெளிச்சத்தையும் 'நிறங்களின் உலகம்' என்ற நாவலாக எழுதினார். இவர்கள் யாரும் எழுதுவதற்கு முன்னால் யாரிடமும் மனு கொடுத்து நிற்கவில்லை.

இன்னும் கொஞ்சம் தெற்கே போ. இடைசெவல் விவசாயி கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது; பட்டம் இல்லாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து உட்கார வைத்தது. ராஜம் கிருஷ்ணனுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். கல்லூரி வாசலை மிதிக்காதவர். தமிழில் அவர் அளவுக்கு ஊர் ஊராக அலைந்து, தொழில் தொழிலாகத் தேடி நாவல் எழுதியவர்கள் மிகக் குறைவு. ஆகவே தம்பி, படிப்பு, பட்டம், பட்டணம் இந்த மூன்றையும் இனி என்னிடம் சாக்காகச் சொல்லாதே. தங்கச்சி, "வீட்டு வேலை சரியா இருக்குண்ணே" என்று நீ சொன்னால் அதை நான் நம்புகிறேன். அது உண்மையான தடை. அதற்கு வழி பின்னால் சொல்கிறேன்.

அடுத்த சாக்கு இது: "எங்க ஊர்ல எழுத என்ன இருக்கு?"

என்ன இருக்கிறதா! 1959இல் வைகை அணை திறந்தார்கள். அணையில் தேங்கிய தண்ணீருக்குக் கீழே ஊர்கள் போயின. அப்படி வீடிழந்த குடும்பம் ஒன்றின் பிள்ளைதான் வடுகபட்டி வைரமுத்து. 'கள்ளிக்காட்டு இதிகாசம்' எழுதி 2003க்கான சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். அந்த நாவலின் பேயத்தேவர் உன் தாத்தாவுக்குச் சொந்தக்காரராகக்கூட இருக்கலாம். கண்டமனூர் ஜமீனைப் பற்றி நம் கிழவர்கள் வாய்வழியாகச் சொல்லி வந்த கதைகளை வடவீர பொன்னையா 'வருசநாட்டு ஜமீன் கதை' என்று நூலாக்கினார். மலைக்கு அந்தப் பக்கம் முல்லைப் பெரியாறு அணை, 1895இல் எழும்பியது. அதைக் கட்டிய கதையை 'நீரதிகாரம்' என்று ஆனந்த விகடனில் தொடராக எழுதியவர் அ. வெண்ணிலா. அவர் வந்தவாசிக்காரர். வடக்கே வந்தவாசியிலிருந்து ஒரு பெண் கிளம்பி வந்து, கம்பம் பள்ளத்தாக்கு குடிக்கிற தண்ணீரின் வரலாற்றைத் தேடி எழுதியிருக்கிறார். அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கூடவே உன்னைக் கேட்கிறேன்: அந்தத் தண்ணீரைத் தினமும் குடிக்கிற நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?

"பெரிய கதையெல்லாம் எழுதியாச்சே" என்று சொல்லாதே. தொடப்படாமல் கிடப்பதைப் பார். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. ஒரு மலைத்தொடர் தள்ளி மூல வைகையில் வருசத்தில் பாதி நாள் மணல்தான் ஓடுகிறது. ஆற்றுக்குள் உறைகிணறு இறக்கிக் குடிதண்ணீர் எடுக்கிறோம். அந்தப் பக்கம் பெண் கொடுத்த குடும்பமும் இந்தப் பக்கம் பெண் எடுத்த குடும்பமும் பேசிக்கொள்ளும்போது தண்ணீர் எப்படி நடுவில் வந்து உட்காரும் என்று உனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்? கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கத்துப் பெண்கள் விடியுமுன்னே தூக்குவாளியோடு ஜீப்பில் அடைந்து உட்கார்ந்து, மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை செய்துவிட்டுப் பொழுதடைய வீடு திரும்புகிறார்கள். அந்த ஜீப்புக்குள் பேசப்படுகிற பேச்சு மட்டும் ஒரு நாவல். கடமலைக்குண்டு, வருசநாடு பக்கத்து இலவந்தோப்புகள் ஒரு நாவல். மலைக்கிராமங்களும் வனத்துறையும் இன்னொரு நாவல். இத்தனையையும் வைத்துக்கொண்டு எழுத ஒன்றுமில்லை என்று சொல்லாதே, எனக்குக் கோபம் வருகிறது.

சரி, எப்படி எழுதுவது?

ஊரைப் பற்றி எழுத உட்காராதே. ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் பத்தாம் பக்கத்தில் நின்றுபோவான். கோயில் எழுதுவான், திருவிழா எழுதுவான், மழை எழுதுவான், அப்புறம் என்ன எழுதுவதென்று தெரியாது. ஒரு ஆளைப் பிடி. அந்த ஆளுக்கு என்ன வேண்டும்? ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவளுக்குத் தன் மகளை நர்சிங் படிக்க வைக்க வேண்டும் என்று ஓர் ஆசை. கந்துக்கடன் குறுக்கே நிற்கிறது. மகளுக்கோ படிப்பைவிட வேறொரு ஆசை. தாயின் தம்பி தன் மகனுக்குப் பெண் கேட்டு வருகிறான், அந்தக் கடனை அடைத்தவனே அவன்தான். பார், இப்போது கதை தானாக நகர்கிறது. ஊர், திருவிழா, மழை எல்லாம் இவர்கள் போகிற வழியில் வந்து சேர்ந்துகொள்ளும். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டால் நாவல் முடிந்தது. இனி கிடைக்கவே கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்தாலும் நாவல் முடிந்தது. முடிவு எது என்று முன்கூட்டியே உனக்குத் தெரிய வேண்டியதில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

எதிரே நிற்பவனுக்கும் நியாயம் கொடு. இது கடினம். நாவல் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் விழுகிற இடமே இதுதான். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. தாத்தா காலத்திலிருந்து கொட்டைமுந்திரியும் இலவமும் வைத்துப் பிழைக்கிற மலைக்கிராமத்து விவசாயியின் வயிற்றில் அன்றிலிருந்து நெருப்பு. அவன் நியாயம் உனக்குத் தெரியும், உன் சொந்தக்காரன்தான். ஆனால் காட்டைக் காக்க வந்த வனக்காவலருக்கும் ஒரு வீடு இருக்கிறது, ஒரு மேலதிகாரி இருக்கிறார், அந்தக் காடு போனால் வைகையே இல்லை என்கிற ஓர் உண்மையும் அவர் பக்கம் இருக்கிறது. அவரை வெறும் வில்லனாக்கினால் நீ எழுதியது துண்டறிக்கை. விவசாயி பேசும்போது வாசகன் அவன் பக்கம் நிற்க வேண்டும். வனக்காவலர் பேசும்போது அதே வாசகன் தடுமாற வேண்டும். உனக்குப் பிடிக்காத ஆளின் வாயிலிருந்து அவனுக்காக ஒரு முழுப் பக்கம் எழுதிப் பார். கை நடுங்கும். நடுங்கட்டும், நிறுத்தாதே.

எங்கே தொடங்குவது என்று திகைக்கிறவர்கள் பூமணியின் 'வெக்கை'யை எடுத்துப் படியுங்கள். கையை மட்டும் வெட்டிவிட்டு வந்துவிடலாம் என்று போன பையனின் அரிவாளில் ஆளே போய்விடுகிறான். நாவல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பகை எப்படி வந்தது, நிலத்தகராறு என்ன, அண்ணன் எப்படிச் செத்தான் என்று ஐம்பது பக்கம் முன்கதை சொல்லிவிட்டு அப்புறம் வெட்டுக்கு வருகிற வேலையே இல்லை. அப்பனும் மகனும் ஒளிந்து திரிகிற சில நாட்களுக்குள், நடந்துகொண்டே, சமைத்துத் தின்றுகொண்டே பழசெல்லாம் வந்து விழுகிறது. மெல்லிய புத்தகம், 1982இல் வந்தது. அதே பூமணி 'அஞ்ஞாடி' என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல், பல தலைமுறைகளை விரித்தும் எழுதினார். 2014இல் சாகித்திய அகாதெமி விருது அதற்குத்தான். முதல் நாவலுக்கு 'வெக்கை'யின் வழிதான் நல்லது என்பது என் கட்சி. சில நாள், சில ஆள், ஒரு பிரச்சினை. மூன்று தலைமுறைக் காவியத்தை மூன்றாவது நாவலுக்கு வைத்துக்கொள்.

இனி நம் பேச்சு. இதில்தான் உன் கையில் இருக்கிற செல்வம் உனக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் 'கொச்சை' என்று சொல்லிச் சொல்லி நம் நாக்கைச் சுருட்ட வைத்துவிட்டார்கள். வெஞ்சனம் என்று சொல்லக் கூசுகிறோம். அங்கிட்டு, இங்கிட்டு, வெரசா, பைய, அம்புட்டு, கம்மா, வெள்ளாமை, இந்தச் சொற்களோடு வளர்ந்தவன் எழுத உட்கார்ந்ததும் தொலைக்காட்சிச் செய்தி வாசிக்கிறவராக மாறிவிடுகிறான். கி.ரா. என்ன செய்தார்? கரிசல்காட்டுச் சொற்களை ஊர் ஊராகச் சேர்த்து 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியே போட்டார். பெருமாள்முருகன் கொங்கு நாட்டுக்குச் செய்தார். வருசநாட்டுச் சொற்களை யார் சேர்ப்பது? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. உன் அப்பத்தா பேசுகிறதை அப்படியே குறி. ஆடு மேய்ப்பவர் மலையின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஓடைக்கும் பாறைக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார், அதைக் குறி. அந்த நோட்டு நிறைகிறபோது உன் நாவலின் மொழி பாதி கிடைத்துவிட்டது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வட்டாரப் பேச்சு என்று எல்லோரையும் ஒரே மாதிரி பேசவிடாதே. வருசநாட்டுக் கிழவி பேசுவது ஒரு மாதிரி, திருப்பூர் பனியன் கம்பெனியில் எட்டு வருசம் இருந்துவிட்டு வந்த பேரன் பேசுவது இன்னொரு மாதிரி, தோட்டத்தில் கங்காணியோடு பேசிப் பேசி மலையாளம் ஒட்டிக்கொண்ட அத்தையின் பேச்சு வேறு. யார் பேசுகிறார் என்று பெயர் போடாமலே வாசகனுக்குத் தெரிய வேண்டும். உரையாடலை எழுதிவிட்டுப் பெயர்களை மறைத்துக்கொண்டு உன் தங்கையிடம் படித்துக் காட்டு. யார் யாரென்று அவள் சொல்லிவிட்டால் தேறிவிட்டாய். அப்புறம் இன்னொன்று, நம் ஆட்கள் மனசில் இருப்பதை நேராகச் சொல்வதே கிடையாது. கடன் கேட்க வந்த சித்தப்பா முதலில் மழையைப் பற்றிப் பேசுவார், மாட்டைப் பற்றிப் பேசுவார், செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போதுதான் விஷயத்துக்கு வருவார். அந்த மழைப் பேச்சை எழுது. அதற்குள்தான் அவர் மானம் இருக்கிறது.

வேலையை எழுது. வேலை தெரியாத ஆள் நாவலில் நிற்கமாட்டான். "அவன் இலவந்தோப்பில் வேலை செய்தான்" என்று ஒரு வரியில் தாண்டிப் போகாதே. கோடையில் காய் முற்றும்போது யார் மரமேறுவது, யார் கீழே நின்று பொறுக்குவது, ஓட்டை உடைத்துப் பஞ்செடுக்கும் பெண்கள் முந்தானையை மூக்கில் எப்படிக் கட்டிக்கொள்வார்கள், பஞ்சு பறந்து தலைமுடியெல்லாம் வெளுத்துக் கிடக்கும்போது பேத்தி பார்த்து என்ன சொல்வாள், கிட்டங்கியில் பீடி பற்றவைத்தவனை மேஸ்திரி எப்படி அடிக்கப் போவார், சாயங்காலம் கூலி பிரிக்கும்போது யார் கணக்கு சரியாக வராது, அதையெல்லாம் எழுது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய், தொழிலாளர்களோடு பழகி, உப்பு அரித்த கால்களைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் 'கரிப்பு மணிகள்' எழுதினார். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களை 'தோல்' நாவலில் எழுதிய டி. செல்வராஜ் அவர்களுக்காக வழக்காடிய வழக்கறிஞர். அவர்களெல்லாம் தேடிப் போய்ப் பார்த்தார்கள். உனக்கு உன் வீட்டு வாசலிலேயே நடக்கிறது. எழுதாமல் இருக்க உனக்கு என்ன உரிமை?

பெரியவர்களிடம் கேட்கும்போது ஒன்றைக் கவனி. "எந்த வருசம் தாத்தா?" என்றால் பதில் வராது. "எம்ஜிஆருக்கு ஓட்டுப் போட்டபோது" என்பார்கள். ஆண்டிபட்டித் தொகுதி, 1984. அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தபடியே அவர் ஜெயித்தாரே, அந்தத் தேர்தல். "ஆத்துல வெள்ளம் வந்து பாலம் போனப்ப" என்பார்கள். அதை வைத்து நீதான் வருசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, ஊரில் நடந்தது மேலே, உன் பாத்திரங்களுக்கு அப்போது என்ன வயது என்பது கீழே என்று எழுதி வைத்துக்கொள். 1984இல் கைக்குழந்தையாக இருந்தவள் 1990இல் கல்யாணத்துக்கு நிற்கக் கூடாது. சிரிக்காதே, அச்சாகிற நாவல்களிலேயே இந்தத் தப்பு வருகிறது.

சினிமா ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அல்லிநகரம் பாரதிராஜாவையும் பண்ணைப்புரம் இளையராஜாவையும் கொடுத்த மண் இது. அதனால் நம் பிள்ளைகள் கதை என்றாலே கேமராவைத்தான் நினைக்கிறார்கள். நாவலிலும் "தூரத்தில் மலை, அதன் மேல் மேகம், மெதுவாக அவன் திரும்புகிறான்" என்று ஷாட் வைக்கிறார்கள். தம்பி, கேமரா போக முடியாத ஓர் இடம் இருக்கிறது. திரும்புகிறவன் மனசுக்குள் அந்த நேரத்தில் ஓடுவது. அண்ணனின் பிணத்துக்கு முன்னால் நிற்கிறான், அழுகிறான், அழுதுகொண்டே "தென்னந்தோப்பு இனி நமக்குத்தான்" என்று ஒரு கணம் நினைத்து அந்த நினைப்புக்கே பயந்து இன்னும் சத்தமாக அழுகிறான். இதை எந்தக் கேமரா எடுக்கும்? நீ எழுதலாம்.

இப்போது நேரத்துக்கு வருவோம். தங்கச்சி, உனக்குச் சொல்கிறேன் என்றேனே. ஒரு நாளைக்கு 300 சொல். கோடு போட்ட நோட்டில் ஒன்றரைப் பக்கம். வருசத்தில் 200 நாள் எழுதினால் 60,000 சொல். அச்சில் ஏறக்குறைய முந்நூறு பக்க நாவல். மீதி 165 நாளைத் திருவிழாவுக்கும் காய்ச்சலுக்கும் நடவுக்கும் மாமியார் வீட்டுக்கும் வைத்துக்கொள். உன்னிடம் மேசை கேட்கவில்லை, தனி அறை கேட்கவில்லை. அரை மணி நேரம் கேட்கிறேன். உலை கொதிக்கிற நேரம் போதும். கைப்பேசியில் தமிழ்த் தட்டச்சு இருக்கிறது, பேசினால் எழுத்தாக்கித் தருகிற வசதியும் இருக்கிறது. வருசநாட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தேனி வரும்வரை ஒரு காட்சியை முடிக்கலாம். இடைஞ்சல் இல்லாத நாள் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. பிள்ளை அழும்போதும் கரண்ட் போனபோதும் எழுதப் பழகு. எந்த நேரம் என்பதை மட்டும் முடிவு செய், அப்புறம் அந்த நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. புருசனுக்கும் விட்டுக்கொடுக்காதே!

முதல் முறை எழுதும்போது திரும்பிப் பார்க்காதே. நேற்று எழுதியது அசிங்கமாக இருக்கும், தெரியும். அதைத் திருத்த உட்கார்ந்தால் முதல் அத்தியாயத்தையே ஒரு வருசம் திருத்திக்கொண்டிருப்பாய். கடைசி வரி வரைக்கும் போய்விடு. முடிந்ததும் நோட்டை ஒரு மாதம் பெட்டியில் பூட்டிவை. பிறகு எடுத்து வாய்விட்டுப் படி, நாக்கு இடறுகிற இடமெல்லாம் வாக்கியம் சரியில்லை. "அவன் மிகவும் வேதனைப்பட்டான்" என்றிருந்தால் அடித்துவிட்டு, வேதனையில் அவன் என்ன செய்தான் என்று எழுது. மூன்று உவமை வந்த இடத்தில் இரண்டை எடு. உனக்கு ரொம்பப் பிடித்துப்போய், ஆனால் கதைக்கு வேலையே இல்லாத ஓர் அத்தியாயம் கட்டாயம் இருக்கும், அதையும் எடுத்துவிடு. வலிக்கும். எடு. இரண்டாவது முறை முழுசாகக் கையால் எழுதிப் பார்க்கிறவர்களுக்கு நாவல் வேறொன்றாக எழுந்து நிற்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எழுதுகிற காலத்தில் படிக்காமல் இருக்காதே. கிளை நூலகத்துக்குப் போய் உறுப்பினராகு. சோ. தர்மனின் 'சூல்' எடு, ஒரு கண்மாயை வைத்து ஒரு நாவல் முழுக்க எப்படி நகர்த்த முடியும் என்று பார். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' எடு. ஒருமுறை கதைக்காகப் படி. இன்னொரு முறை பென்சிலோடு, இந்த ஆள் எப்போது உள்ளே வந்தான், ஏன் இப்போது வந்தான் என்று குறித்துக்கொண்டு படி. இதற்கு எந்தப் பயிற்சிப் பட்டறையும் ஈடாகாது.

முடித்த பிறகு? முதலில் உண்மை சொல்கிற மூன்று பேரிடம் கொடு. சொந்தக்காரர் வேண்டாம். பிறகு பதிப்பகங்களுக்கு அனுப்பு. ஒன்று தெளிவாகக் கேட்டுக்கொள்: "பணம் கட்டுங்கள், புத்தகம் போட்டுத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு நகையை அடகு வைக்காதே. சொந்தச் செலவில் போடுவது பாவமில்லை, எத்தனை பிரதி, யார் விற்பது, உரிமை யாருக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள். வாய் வார்த்தைக்கு மதிப்பில்லாத இடம் அது.

திரும்பி வரும். பதிலே வராமலும் போகும். அந்த நாளில் பா. சிங்காரத்தை நினைத்துக்கொள். சிங்கம்புணரியில் பிறந்து, பிழைக்க இந்தோனேசியா போய், போர்க்காலத்தை அங்கே கண்டு, 1946இல் திரும்பி வந்து, மதுரையில் தினத்தந்தி வேலையில் இருந்தபடி 'புயலிலே ஒரு தோணி'யை எழுதினார். எழுதி முடித்தது 1962. அச்சில் வந்தது 1972. பத்து வருசம் தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று வெறும் காகிதமாகக் கிடந்தது. அவருக்கே பத்து வருசம் என்றால் உனக்கு வந்த இரண்டு மறுப்புக் கடிதங்களுக்காகப் பேனாவை வீசாதே. கடிதத்தில் காரணம் சொல்லியிருந்தால் ஒரு தாளில் குறித்துக்கொள், சொல்லவில்லை என்றால் மறந்துவிடு, அன்று மாலையே பிரதியை அடுத்த பதிப்பகத்துக்கு அனுப்பு. அவர்கள் பதில் போட ஆறு மாதம் ஆகலாம். அந்த ஆறு மாதத்தில் உன் இரண்டாவது நாவல் குறைந்தது நூறு பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். இலவந்தோப்பை முதல் நாவலில் எழுதிவிட்டாய் என்றால் இப்போது ஜீப்பில் ஏறு.